இந்த வழியாகப் போகாதே

குடும்ப முகாம் என்று ஒன்றைக் கண்டுபிடித்த வடிவு டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டாள். சாரணியர் படையில் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பனோடு சனிக்கிழமை மத்தியானம் கடற்கரைக்கு வந்து, கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்ப வேண்டுமாம். "ரெண்டு பேரும் வரணும் டீச்சர். ஒத்தையா வந்தா பிள்ளைகளுக்கு ஏக்கமாயிரும்" என்று என்னிடமே வந்து சொன்னாள். அருணாசலவடிவு என்று முழுப்பேரைச் சொல்லி நாலு திட்டு திட்டலாம் போல இருந்தது. பாவம், அவளுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியாது. சாத்தான்குளத்தில் அது தெரியாத ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். விளையாட்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தால்தானே.

அவளை விட்டால் என் மகள் ஜெபசெல்வி. அவளுக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் பால்துரை தூத்துக்குடி புது ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். வேலை கிடைத்த புதிதில் முத்தையாபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்தார். பிறகு மாசத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. பிறகு கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் என்று ஆனது. அந்த அறை இப்போது ஒரு வீடு. அந்த வீட்டில் சீனித்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள். கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது என்று சொல்ல வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் பேச்சை மாற்றினார்கள். ஜெபா கேட்கும்போதெல்லாம் "அப்பாவுக்கு ஷிப்ட்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை. கேட்டுக்கொண்டு போய்விடுவாள்.

வடிவு டீச்சர் சொன்ன அன்றைக்கே, ஹார்பரில் வேலை பார்க்கும் என் சித்தி மகனிடம் அவருக்குச் சொல்லி அனுப்பினேன். 'பிள்ளை உங்களை எதிர்பார்க்கிறாள், முகாமுக்கு வாருங்கள்' என்று மட்டும்தான் சொல்லச் சொன்னேன். மனசுக்குள் நான் கேட்டது வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எங்களோடு எங்கள் ஊர் பஸ்ஸில் ஏற வேண்டும். ஒரு ராத்திரியாவது எங்கள் வீட்டில் படுக்க வேண்டும். அது நடந்துவிட்டால் மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. நடக்காது என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் இந்தப் பாழாய்ப்போன மனசு எப்போது புத்தியைக் கேட்டது?

முகாம் ஆலந்தலைக்குத் தெற்கே, கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பனங்காட்டில். நாங்கள் போகும்போதே பிள்ளைகள் நீல யூனிபாரமும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாகக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபா தாமரை அணிக்குத் தலைவி. கயிற்றை இழுத்துக்கொண்டே ரோட்டுப் பக்கம் பார்த்தாள். ஒரு முளை அடித்தாள், மறுபடியும் ரோட்டைப் பார்த்தாள்.

"அப்பா வருவாவளாம்மா?"

"வருவாவ. நீ முளைய நேரா அடி" என்றேன்.

வந்தார். அதுதான் எனக்குப் பெரிய கெடுதலாகப் போயிற்று. வராமலே இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வெள்ளைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, டயர் செருப்பு மணலில் புதையப் புதைய நடந்து வந்தார். ஜெபா சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடினவள் பக்கத்தில் போனதும் சட்டென்று நின்று, விறைப்பாக மூன்று விரலைத் தூக்கி சல்யூட் வைத்து, இடது கையை நீட்டினாள். சாரணியர்கள் இடது கையைத்தான் குலுக்குவார்களாம். வந்த தகப்பன்மார் எல்லாம் அதற்குச் சங்கடப்பட்டார்கள். மளிகைக்கடை செல்வதுரை அண்ணாச்சி, "இடது கையக் குடுத்தா கடை வெளங்குமா?" என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. இடது கையை நீட்டி மகள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜெபா முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

பக்கத்தில் வந்து, "என்னளா, எப்படி இருக்க?" என்று என்னைக் கேட்டார். வாய் சிவந்திருந்தது. கையிலிருந்த பையில் ஆத்தூர் வெற்றிலைக் கட்டு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. என்னைக் கட்டின நாளிலிருந்து அவரும் போட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலச் சமையல் தகப்பன்மார் பொறுப்பு என்பது வடிவு டீச்சரின் அடுத்த கண்டுபிடிப்பு. தாய்மார் கை வைக்கக் கூடாது, உட்கார்ந்து பார்க்கலாம். செல்வதுரை அண்ணாச்சி அடுப்பை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, கடைசியில் அரிசியைக் கழுவாமலே போட்டுவிட்டார். தாய்மார் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். எங்கள் வீட்டுக்காரர் அடுப்புப் பக்கம் போகிறவரைக்கும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத மனுஷன் அவர். தண்ணீர்கூட நான்தான் மொண்டு கொடுக்க வேண்டும். அவர் ஆலந்தலை மீன்காரியிடம் பேரம் பேசிப் பாறை மீன் வாங்கினார். தானே உட்கார்ந்து செதில் சுரண்டி, வெட்டிக் கழுவினார். புளியைக் கரைத்து, தேங்காயைக் கல்லில் வைத்து நசுக்கி, மிளகாய்ப்பொடியைக் கைக்கணக்கில் போட்டார். கொதி வந்ததும் கரண்டியைப் போடாமல் சட்டியின் இரண்டு பக்கத்தையும் துணியால் பிடித்துச் சுழற்றினார், மீன் உடையக் கூடாதென்று. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு உப்புப் போட்டார்.

"குடுத்து வச்ச ஆளு நீங்க, பிளாரன்ஸ் டீச்சர்" என்றாள் அண்ணாச்சி பொஞ்சாதி. "வீட்ல தெனமும் இப்படித்தானா?"

"ஆமா, தெனமும்தான்" என்றேன்.

குழம்பு அவ்வளவு ருசி. அதை நான் பொய் சொல்ல மாட்டேன். உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறது பொம்பளைகள் பழக்கம். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் அது வரும். அவர் யார் பக்கத்தில் நின்று பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஜெபா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இருட்டுவதற்கு முன்னால் தகப்பனும் மகளும் மணலில் உட்கார்ந்து தடக்குறிகள் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தடம் பிடிக்கிற விளையாட்டு. பிள்ளைகள் முன்னால் போய், சிப்பி, கல், குச்சி என்று கிடைத்ததை வைத்து வழிநெடுகக் குறி போட்டுவிட்டு, முடிவில் ஒளிந்துகொள்வார்கள். தாய் தகப்பன் அந்தக் குறிகளைப் பார்த்து நடந்து போய்த் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் ஜெபா அவருக்குப் பாடம் எடுத்தாள்.

"இது என்னதுப்பா?" சிப்பிகளை அம்பு மாதிரி அடுக்கிக் கேட்டாள்.

"இப்படிப் போ."

"இது?" வட்டத்துக்கு நடுவில் ஒரு கல்.

"ஆட்டம் முடிஞ்சது."

குறுக்கே இரண்டு குச்சியைப் பெருக்கல் குறியாகப் போட்டாள். "இது?"

"இந்த வழியாப் போவாத. சரியா?"

"சரி. எல்லாமே சரி. அம்மாதான் ரெண்ட தப்பாச் சொன்னாவ" என்று என்னைக் காட்டிக் கொடுத்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த ஒரு நிமிஷம், எங்களைத் தூரத்திலிருந்து பார்க்கிற யாரும் நல்ல குடும்பம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குள்ளும் ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. ச்சீ, படு என்றால் படுக்க மாட்டேன் என்றது.

ஆம்பிளைகள் தனிப் பந்தலில் படுத்தார்கள். அதனால் காலையில் கொடியேற்றி, ஜெபம் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு அவரோடு தனியாகப் பேச வாய்த்தது. கடலோரம் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, பாறை மறைவில் பிள்ளைகள் மணலைப் போட்டுத் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்குச் சாயங்காலம் எந்தப் பக்கத்து பஸ்ல ஏறப் போறிய?" என்று நேராகவே கேட்டேன். அந்தத் தார் ரோட்டில் வடக்கே போகிற பஸ் திருச்செந்தூர் போய்விடும். அங்கே மாறினால் முத்தையாபுரம். தெற்கே போகிற பஸ்ஸில் உடன்குடி போய் மாறினால் எங்கள் ஊர்.

"ஏளா, காலையிலேயே ஆரம்பிக்காத."

"நான் சண்டைக்கு வரல. அங்கன உள்ளது அங்கனயே இருந்துட்டுப் போட்டும். நான் ஒண்ணும் கேக்கல. மாசத்துல ஒரு தடவ வீட்டுக்கு வாங்க. இன்னைக்கு எங்ககூட வாங்க. பிள்ளைக்குத் தகப்பன்னு ஒரு ஆளு வீட்ல இருக்கட்டும், ஒரு ராத்திரி இருக்கட்டும்."

கேட்டுவிட்டேன். கேட்ட வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் பாடம் சொல்லிக் கொடுக்கிற பிள்ளைகளிடம் தலை நிமிர்ந்து நில் என்று சொல்கிறவள். அங்கே நின்று, இன்னொருத்திக்குப் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டு மீதியைத் தா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் கடல் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"விளையாட்டு முடியட்டும். சொல்லுதேன்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னை என்ன சொல்ல? திரும்பி நடக்கும்போது பார்த்தால், பாறைக்கு இந்தப் பக்கம் ஜெபா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த தட்டை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலைச்சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

பிள்ளைகளை முதலில் அனுப்பிவிட்டு, வெகுநேரம் கழித்து வடிவு டீச்சர் விசில் ஊதினாள். போகும் முன் விதியைச் சொன்னாள். வழியில் பேசக் கூடாது. ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். வாயைத் திறந்தால் பிள்ளைக்கு மார்க் போய்விடும். "புருஷன் பொஞ்சாதி பேசாம இருக்கிறதுக்கு மார்க்கா? அப்ப எங்களுக்குத்தான் முதல் பரிசு" என்று செல்வதுரை அண்ணாச்சி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார். ஜெபா குறி போட்டிருந்த அழகைப் பார்க்க வேண்டுமே. சிப்பியை ஒரே அளவில் பொறுக்கி, அம்பின் மூக்கைக்கூடக் கூர்மையாக வைத்திருந்தாள். ஓடைமரத்தடியில் ஒரு குறியை நான் பார்க்காமல் தாண்டினேன். பின்னாலிருந்து அவர் என் தோளைத் தொட்டு, விரலை நீட்டிக் காட்டினார். எத்தனையோ மாசம் கழித்துத் தொட்ட கை. சாயங்காலம் தெற்கே போகிற பஸ்தான் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. வீட்டில் அரிசி இருக்கிறது, முட்டை வாங்க வேண்டும், அவர் தலையணைக்கு உறை மாற்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பனங்காட்டுக்குள் வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அம்பு. வலது பக்கம், தார் ரோட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் வாசலில் இரண்டு குச்சி பெருக்கல் குறியாகக் கிடந்தது. பிரிகிற இடத்தில் தவறான வழிக்கு அப்படிப் போடுவதுதான் முறை. எனக்கே அது நன்றாகத் தெரிந்ததில் ஒரு பெருமையோடு இடது பக்கம் திரும்பினேன். மணலில் காலடிச் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்த்தால் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வார் என்று நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கடைசியில் வட்டமும் நடுவில் கல்லும் இருந்தன. பக்கத்தில் இளம்பனை வடலிக் கூட்டம். மட்டையை விலக்கினேன். ஜெபா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஸ்கார்ஃப் இல்லை.

"பிடிச்சிட்டோம்ளா!" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தாள். நானும் திரும்பினேன். பனைகள்தான் நின்றன.

"பின்னால வாராவ" என்றேன். "பீடி குடிக்க நின்னிருப்பாவ. பேசக் கூடாதுல்லா, அதான் சொல்லிட்டு நிக்கல."

கொஞ்ச நேரம் நின்றோம். அடுத்த வடலியில் அண்ணாச்சி தன் மகளைக் கண்டுபிடித்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. ஜெபா எழுந்தாள். பாவாடையில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டு, "வாங்கம்மா" என்று வந்த வழியே நடந்தாள். அழவில்லை, ஓடவும் இல்லை.

பிரிகிற இடத்துக்கு வந்ததும் நேராக அந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். இரண்டு குச்சியும் அப்படியே கிடந்தன. அதற்கு முன்னால் டயர் செருப்புத் தடம். அதற்கு அப்பாலும் டயர் செருப்புத் தடம்.

கொஞ்ச தூரத்தில் பாதை வளைந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெருக்கல் குறி, இரண்டு பனை மட்டைகளால். அதைத் தாண்டி இன்னொன்று. குதிகாலால் மணலைப் பள்ளமாக உழுது, பள்ளம் முழுக்கச் சிப்பியைக் கொட்டி, பாதையையே அடைத்துப் பெரிசாகப் போட்டிருந்தாள். போகப் போகக் குறி பெரிசாகிக்கொண்டே போயிற்று. ஒன்றுகூடக் கலையவில்லை. எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம் ஒரு தடம், அந்தப் பக்கம் ஒரு தடம். பிள்ளை போட்டது கெட்டுவிடக் கூடாதென்று காலை அகட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறார். சட்டியில் மீன் உடையாமல் சுழற்றினாரே, அதே பதனம்.

"டீச்சர் இத்தனை போடச் சொன்னாவளா?" என்று கேட்டேன்.

"இல்ல. இது விளையாட்டுக்குப் போட்டது இல்ல."

தார் ரோட்டின் ஓரத்தில் கடைசிக் குறி. பெருக்கலின் ஒரு கோடு, அவளுடைய சாரணியர் தடி. மறு கோடு, கயிறு மாதிரி முறுக்கின அவளுடைய ஸ்கார்ஃப். அந்தத் துணி தரையில் படக் கூடாது என்று வீட்டில் என்னையே விரட்டுவாள். அதற்கும் அந்தப் பக்கம், திருச்செந்தூர் பஸ் நிற்கிற இடத்தில், செருப்புத் தடம் இரண்டும் ஜோடியாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் சிவப்பாக வெற்றிலை எச்சில். நின்று, வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று துப்பி, பஸ் வருகிறவரை காத்திருந்திருக்கிறார். அவ்வளவு நேரமும் அந்தக் குறி அவர் காலடியில்தான் கிடந்தது.

அவளுக்கு எல்லாம் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஷிப்ட் ஷிப்ட் என்று நான் சொன்னபோதெல்லாம் எனக்காகத்தான் தலையாட்டியிருக்கிறாள்.

ஜெபா குனிந்து தடியை எடுத்துக்கொண்டு, ஸ்கார்ஃபையும் எடுத்து உதறினாள். கழுத்தில் போட்டு முடிச்சைச் சரி பார்த்தாள்.

"அம்மா, நேத்து அப்பா எல்லாக் குறியையும் சரியாத்தான சொன்னாவ?"

"சரியாத்தான் சொன்னாவ."

"அப்ப நான் தப்பாப் போடல."

"இல்லளா. நீ சரியாத்தான் போட்டிருக்க" என்றேன். அதற்குமேல் எனக்கு முடியவில்லை. அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வடக்கே போகிற பஸ் ஒன்று எங்களுக்காக வேகத்தைக் குறைத்தது. ஜெபா போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

பிறகு என்னை எழுப்பி விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். சிப்பிக் குறியைக் காலால் தள்ளிக் கலைத்தாள். பனை மட்டைகளை இழுத்து ஓரமாகப் போட்டாள்.

"கெடக்கட்டும்ளா, விடு. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"விளையாட்டு முடிஞ்சா அழிச்சிரணும்மா, டீச்சர் சொல்லிருக்காவ" என்றாள். பாதை பிரிகிற இடத்துக்கு வந்து, கடைசியாகக் கிடந்த இரண்டு குச்சிகளையும் பொறுக்கி எடுத்தாள். "இல்லன்னா வேற யாராவது இதப் பாத்து நம்பித் திரும்பிப் போயிருவாவ."